பச்சைச் சேலை கட்டியிருப்பது யார்

என் அம்மா போட்டோவுக்கு நிற்கமாட்டாள். பள்ளிக்கூட விழாவானாலும் கோயில் கொடையானாலும், கேமராவோ செல்போனோ உயர்ந்தால் அம்மா அங்கே இருக்கமாட்டாள். என் கல்யாண ஆல்பத்தில் அவள் இருக்கும் ஒரே படத்தில் குனிந்து ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துக்கொண்டிருக்கிறாள். தலையின் வகிடு மட்டும் தெரியும். அப்படிப்பட்டவளைப் போன வருஷம் பம்பாய் செம்பூரில் ஒரு கல்யாண வரவேற்பில், முந்நூறு பேர் பார்க்க, மேடையில் ஏற்றி ஆடவைத்தார்கள். அதற்குப் பின் வந்த நாட்களில் பயந்ததுபோல் நான் அதற்கு முன்பு பயந்ததில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவும் அப்பாவும் திருநெல்வேலிப் பக்கம் ஒரே ஊர்க்காரர்கள், வேறு வேறு தெரு. அந்தத் தெருவிலிருந்து இந்தத் தெருவுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள். அம்மா வீட்டுக்காரர்கள் நிலம் வைத்திருந்தவர்கள். அப்பா வீட்டில் எல்லோரும் அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அம்மாவுக்குப் பத்தொன்பது வயதில் இருவரும் ஊரைவிட்டுக் கிளம்பி பம்பாய் வந்தார்கள். மறுநாள் அப்பாவின் வீட்டுக் கூரைக்குத் தீ வைத்தார்கள். அப்பாவைப் பெற்றவர்கள் திருப்பூருக்கு ஓடிப்போய்க் கடைசிவரை ஊர் திரும்பவில்லை.

அப்பாவுக்கு முன்பே ஊரைவிட்டு வந்து தாராவியில் தோல் பை தைத்துக்கொண்டிருந்த ஒருவர்தான் அவருக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தார். அவரை நான் சித்தப்பா என்று கூப்பிடுவேன். தாராவியில் குடியிருக்க மட்டும் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே சந்துக்குச் சந்து எங்கள் ஜில்லாக்காரர்கள். அதனால் உல்லாஸ்நகரில் சிந்திக்காரர் ஒருவரின் வீட்டுப் பின்கட்டில் குடியேறினார்கள். அப்பா தினமும் தாராவியை ஒட்டிய சயானுக்கு ரயிலில் வந்து போவார். இரண்டாவது வருஷம் அம்மா வீட்டிலிருந்து இரண்டு பேர் அவளுடைய போட்டோவை எடுத்துக்கொண்டு தாராவிப் பட்டறைக்கே வந்தார்கள். சித்தப்பா அந்தப் போட்டோவைக் கையில் வாங்கி நிதானமாகப் பார்த்துவிட்டு, "அந்தப் பய சூரத்துக்குப் போயி ஒரு வருசம் ஆவுது" என்றாராம். அன்றைக்குப் பிறகு அம்மா போட்டோவுக்கு நிற்கவில்லை.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது ஒருநாள் ரயிலில் எங்களுக்கு எதிரே இரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அம்மாவின் பேச்சைப் போலவே அவர்களுடைய பேச்சு இருந்தது. நான் சந்தோஷமாக, "அம்மா, இவங்களும்" என்று ஆரம்பித்ததும் அம்மா என் கையைக் கிள்ளினாள். "சுப் பைட்" என்றாள் இந்தியில், பேசாமல் உட்கார் என்று. தாணே வந்ததும் என்னை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அடுத்த ரயிலில் ஏறும்வரை அவள் என் கையை விடவில்லை. கதை முழுவதும் எனக்குத் தெரிந்தது பதினாறு வயதில்தான். அதற்குள் நாங்கள் வடாலாவுக்கு வந்துவிட்டோம்.

போன வருஷம் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் வந்தது. போகாமல் இருக்க முடியாது. மாப்பிள்ளை வீட்டார் எந்த ஊர் என்று அம்மா கேட்டாள். தூத்துக்குடிப் பக்கம் என்று அப்பா சொன்னார். அம்மா சமாதானமானாள். நான்தான் அவளுக்குப் புதுச்சேலை எடுத்துக் கொடுத்தேன். நல்ல கிளிப்பச்சைப் பட்டு. "இது ரொம்ப எடுத்துக்காட்டும்" என்று அவள் இரண்டு முறை சொன்னாள். நான் கேட்கவில்லை.

வரவேற்பில் மேடைக்கு முன்னால் நாற்காலிகளை ஒதுக்கி ஆடுவதற்கு இடம் விட்டிருந்தார்கள். மைக் வைத்திருந்த பையன் இந்தியும் தமிழும் கலந்து பேசி எல்லோரையும் எழுப்பிக்கொண்டிருந்தான். கல்யாணமான ஜோடிகள் எல்லோரும் மேடைக்கு வரவேண்டும், பாட்டு ஓடும், அவன் ஒரு எண் சொல்வான், அத்தனை வருஷம் ஆகாத ஜோடிகள் இறங்கிவிடவேண்டும், கடைசியில் நிற்கும் ஜோடி பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாழ்த்தவேண்டும். இதுதான் ஆட்டம்.

நானும் என் கணவரும் ஏறினோம். சித்தப்பாவின் மனைவி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "எனக்கு முட்டு வலி, நீ போ" என்றாள். அப்பா எழுந்து அம்மா முன்னால் வந்து நின்றார். "வா புள்ள, ஒரு பாட்டுக்குத்தான்" என்றார். அவர் அப்படி எல்லோர் முன்னாலும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டிருக்கமாட்டாள். எழுந்துவிட்டாள்.

அப்பா நன்றாக ஆடினார். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மா ஆடவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இறங்கும் படிக்கட்டைப் பார்த்தபடி நின்றாள். ஒன்று, ஐந்து என்று எண்கள் வந்தன. ஏழு என்றதும், கல்யாணமாகி ஆறு வருஷமே ஆன நாங்கள் இறங்கினோம். சிரித்துக்கொண்டு இறங்கி வந்து நின்ற இடத்தில் என் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் செல்போன் பொருத்தியிருந்தது. சித்தப்பாவின் மகன் அதற்குக் காவல்போல நின்றிருந்தான்.

"என்னடா ரெகார்ட் பண்றியா?"

"லைவ்க்கா. மாப்ள வீட்டுத் தாத்தா பாட்டியால வர முடியல. அவங்க ஊர்ல எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க. ஊர்க் குரூப்ல லிங்க் போட்டிருக்காங்க."

"எந்த ஊர்?"

அவன் சொன்னான். தூத்துக்குடிப் பக்கம் இல்லை. அம்மாவின் ஊரிலிருந்து இரண்டாவது பஸ் ஸ்டாப்.

என் காதுக்குள் பாட்டு நின்றுபோனது. திரையில் அம்மாவின் முகம் பளிச்சென்று தெரிந்தது, பச்சைச் சேலையோடு. கீழே வாழ்த்துகள் ஓடிக்கொண்டிருந்தன. பூ, கைகூப்பல், சூப்பர், சூப்பர். அவற்றுக்கு நடுவில் ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு வரி வந்தது. பச்ச சேல கட்டிருக்கது யாரு. எழுதியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு அம்மன் படமும் சில எண்களும் இருந்தன.

நான் போய் செல்போனுக்கு முன்னால் நின்றேன்.

"அக்கா, மறைக்கிறீங்க."

"டேய், கொஞ்சம் ஆஃப் பண்ணேன்."

"இப்ப போய் எப்படிக்கா? கடைசி ரவுண்டு."

மேடையில் இரண்டு ஜோடிகள்தான் மிச்சம். வயதில் மூத்த ஜோடிகள் பலர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. "பைந்தீஸ், முப்பத்தஞ்சு" என்றான் பையன். மற்ற ஜோடி இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். பையன் அப்பாவிடம் மைக்கை நீட்டினான்.

"அங்கிள், எத்தன வருஷம்?"

"முப்பத்தாறு."

"அரேஞ்ச்டா, லவ்வா?"

"லவ்வு" என்றார் அப்பா. மண்டபமே கத்தியது.

"ஆண்ட்டி, நீங்க சொல்லுங்க. சொந்த ஊரு எது?"

அம்மா முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். மைக் அவள் முன்னால் இருந்தது. "உல்லாஸ்நகர்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல வேடிக்கையாகப் பேசுகிற ஆண்ட்டி என்று நினைத்திருப்பார்கள்.

நான் மறுபடி திரையைப் பார்த்தபோது அந்தக் கேள்வி இல்லை. எழுதியவரே அழித்திருந்தார். அது இருந்ததைவிட இல்லாமல் போனதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. பதில் கிடைத்துவிட்டவர்கள்தானே கேள்வியை அழிப்பார்கள்.

வீட்டுக்குப் போகும் டாக்சியில் நான் எதுவும் சொல்லவில்லை. அம்மா சிரித்துக்கொண்டுதான் வந்தாள். மறுநாள் காலையில் வடாலாவில் அவர்கள் வீட்டுக்குப் போய், அம்மா சமையலறையில் இருக்கும் நேரம் பார்த்து அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன். லைவ் போனது, அந்த ஊர்க்காரர்கள் பார்த்தது, அந்தக் கேள்வி. அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"எந்த ஊரு மாப்ளைன்னு தெரியும். போன்ல காட்டுதாவன்னும் தெரியும். தெரிஞ்சுதான் ஏறுனேன். முப்பத்தாறு வருசமா திருட்டுப்பய மாதிரி இருக்கேன் புள்ள. நான் யார் வீட்டுல என்னத்தத் திருடினேன்?"

எங்கள் வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். அடுப்பு அணைக்கும் சத்தம் கேட்டது. அம்மா வெளியே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட ஏன் பொய் சொன்னிய?"

அப்பா மடித்த பேப்பரை மறுபடி விரித்தார்.

"ஒங்களுக்குத் தைரியம் வந்துட்டு. சரி. வந்தானுவன்னா ஒங்கள மட்டுமா வெட்டுவானுவ? இந்தா இருக்கா, இவளுக்கு ஒரு புள்ள இருக்கு. அத நெனச்சியளா?"

அவள் சத்தம் போடவில்லை. நான் வளர்ந்தபிறகு அம்மாவின் பயத்தை ஒரு வியாதியைப்போலத்தான் பார்த்துவந்தேன். பழைய காலத்துப் பயம், இவ்வளவு பெரிய ஊரில் யார் தேடி வரப்போகிறார்கள் என்று. அன்றைக்கு அந்த வியாதி எனக்கும் வந்தது.

என் நான்கு வயது மகளை இரண்டு நாள் பள்ளிக்கு அனுப்பவில்லை. என் கணவர் காரணம் கேட்டார், சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. அதுவும் பயமாக இருந்தது. அம்மா கதவுச் சங்கிலியை எடுக்காமல் பால்காரரிடம் இடுக்கு வழியாகப் பாத்திரத்தை நீட்டினாள். கீழே வாட்ச்மேனிடம் தமிழ் பேசிக்கொண்டு யாராவது வந்தால் நாங்கள் காலி செய்துவிட்டதாகச் சொல்லச் சொன்னாள். அப்பா மட்டும் வழக்கம்போல் காலையில் பஸ் பிடித்துப் பட்டறைக்குப் போனார். அம்மா அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். ஆனால் அவர் இறங்கிப் போய் பஸ் ஏறும்வரை ஜன்னலில் நின்று பார்த்தாள்.

நான் மாட்டுங்காவில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசையில் வேலை பார்க்கிறேன். அங்கிருந்து மணிக்கு ஒருமுறை அப்பாவுக்குப் போன் செய்தேன். நான்காம் நாள் மதியம் அவர் எடுக்கவில்லை. பதினைந்து நிமிஷம் கழித்தும் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் ஆனது. பட்டறைக்காரரும் எடுக்கவில்லை. டாக்டரிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். டாக்சிக்கு நிற்கப் பொறுமை இல்லை. மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தேன், பாதி தூரம் ஓடினேன். மேம்பாலத்தில் மூச்சு வாங்கி நின்றபோது, அம்மாவுக்கு எப்படிப் போன் செய்வது, முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தையை முடிவுகூடச் செய்துவிட்டேன். அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்பா பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வடாபாவ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கரண்ட் இல்லை. போன் செத்துக்கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் கையிலிருந்ததைத் தட்டிவிட்டேன். அது சாக்கடையில் போய் விழுந்தது. என் அப்பாவிடம் நான் அப்படி நடந்துகொண்டது அந்த ஒரே முறைதான். அவர் கோபப்படவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஒங்கம்மா இப்படித்தான் தெனமும் இருந்திருக்கா என்ன" என்றார் சற்று நேரம் கழித்து. கேள்வி மாதிரியும் இருந்தது, தனக்குத்தானே சொன்னது மாதிரியும் இருந்தது.

ஏழாம் நாள் சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை வீட்டு உறவில் ஒரு பெண், மேடையில் கடைசியாக நின்ற ஜோடியின் நம்பர் வேண்டும் என்று மூன்று முறை கேட்டுவிட்டாளாம். யாருக்கு என்று சொல்லவில்லையாம்.

"நான் குடுக்கல தாயி. என்ன செய்யணும்னு சொல்லு."

நான் வெகுநேரம் யோசிக்கவில்லை. தெரியாமல் இருப்பதை இன்னும் ஒரு வாரம் தாங்க என்னால் முடியாது. என் நம்பரைக் கொடுக்கச் சொன்னேன். அப்பா அம்மா எங்கே இருக்கிறார்கள் என்பதை மட்டும் யாருக்கும் சொல்லவேண்டாம் என்றேன். வீட்டில் ஒருவருக்கும் இதைச் சொல்லவில்லை.

போன் வர இன்னும் நான்கு நாள் ஆனது. கிளினிக்கில் ஒரு பெரியவருக்கு அடுத்த தேதி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தெரியாத எண். படிக்கட்டுக்குப் போய் எடுத்தேன். மறுபக்கம் வயதான பெண்ணின் குரல், ரொம்பத் தணிவாக.

"நீ அவ மவளா?"

"நீங்க யாரு?"

"நான் ஒனக்கு அத்தை. ஒங்க பெரிய மாமா பொஞ்சாதி. ஒங்கம்மைக்கு மதினி."

பெரிய மாமா. போட்டோவோடு தாராவிக்கு வந்த இரண்டு பேரில் ஒருவர்.

"நீங்கதான்னு நான் எப்படி நம்புறது?"

"அவ எடது காதுக்குப் பின்னால ஒரு தழும்பு கெடக்கும். அடுப்புல கெடந்த கம்பிய எடுத்து அவ அய்யா அடிச்சது. நாந்தான் மஞ்ச அரச்சு வச்சேன். இருக்கா இல்லியா?"

இருந்தது. சின்ன வயதில் கேட்டபோது, கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

"மொதல்ல அந்தப் படத்த எடுத்துரச் சொல்லு" என்றாள் அத்தை. "இன்னும் யாரு வேணும்னாலும் பாக்கலாம்னு எம்மவ சொல்லுதா. ஒங்க மாமா கையுங்காலும் வராமப் படுக்கையில கெடக்காவ. அவியளால ஒண்ணும் ஆவாது. ஆனா எம்மவனுவ ரெண்டு பேரு இருக்கானுவ. அவனுவளுக்கு அவ மொகம் தெரியாது, கததான் தெரியும். அது போதும் அவனுவளுக்கு."

"பச்சைச் சேலை யாருன்னு கேட்டது?"

"நாந்தான். எம்மவ தையக் கடைக்கு வார மாப்ள வீட்டுப் புள்ள ஒண்ணு அந்தக் கல்யாணத்த எம்மவ போனுக்கு அனுப்பியிருந்துச்சு. மொகத்தப் பாத்த ஒடனே எம்மவள எழுதச் சொன்னேன். எழுதின பொறவு புத்தி வந்து அழிக்கச் சொன்னேன்."

பிறகு அவள் சொன்னது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாதது. அம்மா கிளம்பிய அன்று விடியற்காலையில் பையோடு அவள் பஸ்ஸுக்கு நிற்பதை அத்தை பார்த்திருக்கிறாள். அத்தை அப்போது அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்தான். வீட்டில் தேடியபோது, குளத்துக்குக் குளிக்கப் போயிருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறாள். எல்லோரும் குளத்துக்குப் போனார்கள். பஸ் போய்விட்டது. அந்தப் பொய்க்காக மாமா அவளுடைய கையை ஒடித்தார். "இப்பவும் மழ வந்தா வலிக்கும்" என்றாள். வருத்தப்பட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை. சமையலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

நான் படிக்கட்டில் உட்கார்ந்தே சித்தப்பா மகனுக்குப் போன் செய்தேன். அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் வீடியோவை எடுத்துவிட்டான். ஊர்க் குரூப்பில் கல்யாணத் துண்டு வீடியோக்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது அவனுக்கும் தெரியவில்லை. இன்றுவரை எங்களுக்கும் தெரியாது.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. அவர்கள் மதினியை அடித்துப் பேசவைத்திருப்பார்கள் என்றாள். தழும்பைப் பற்றிச் சொன்னேன். கையை ஒடித்ததைச் சொன்னேன். அம்மா காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் மகன்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் அத்தை கூப்பிட்டாள். நான் லீவு போட்டுவிட்டு வடாலாவில் இருந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மா முன்னால் வைத்தேன். அம்மா அதைத் தொடவில்லை. சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, இருக்கியா?"

அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள்.

"இருக்கியாட்டி?"

"இருக்கேன் மதினி" என்றாள் அம்மா. நான் ஒருநாளும் கேட்டிராத ஒரு சின்னப் பெண்ணின் குரலில்.

"ஒனக்கு ஆட வரல கேட்டியா. மரம் மாதிரி நிக்க. ஒம் மாப்ளதான் நல்லா ஆடுதாவ."

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா அன்று பட்டறைக்குப் போகவில்லை. வாசல்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவில்லை.

அம்மா அவரோடு பேச ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை, "ஒங்கப்பாவ சாப்பிடச் சொல்லு" என்று வீட்டில் நான் இல்லாத நாட்களில் போனில் என்னிடம் சொல்வாள், நான் அப்பாவுக்குப் போன் செய்து சொல்வேன். அவர் செய்தது நல்லதாகத்தானே முடிந்தது என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "முடியல" என்றாள் அம்மா. "நல்லதா முடிஞ்சிருக்குன்னு சொல்லாத. அவிய எங்கிட்டக் கேட்டிருக்கணும். என் உசுரும்தான அதுல இருந்துச்சு." ஒருநாள் அப்பாவே அவளிடம் மன்னிப்புக் கேட்டார் என்று நினைக்கிறேன். அது என் முன்னால் நடக்கவில்லை. நான் போனபோது இருவரும் ஒரே தட்டில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

கதவுச் சங்கிலி இன்னும் இருக்கிறது. ஊருக்கு வரவேண்டாம் என்று அத்தை ஒவ்வொரு முறையும் சொல்கிறாள். போகும் எண்ணம் யாருக்கும் இல்லை. செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு அத்தையின் மகள் நடத்தும் தையல் கடையிலிருந்து போன் வரும். அரைமணி நேரம் பேசுவார்கள். மழைக்காலத்தில் தொடர்ந்து மூன்று செவ்வாய் வரவில்லை. மகன்களுக்குத் தெரிந்துவிட்டது, மதினியை ஏதோ செய்துவிட்டார்கள் என்று அம்மா சாப்பிடாமல் கிடந்தாள். நாங்கள் கூப்பிடவும் கூடாது. போன் யார் கையில் இருக்கும் என்று தெரியாது. நான்காவது செவ்வாய் போன் வந்தது. மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்களாம், இப்போது தேவலையாம்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கைவலி எப்படி இருக்கு மதினி?" என்றாள்.

"மழ பெய்யுதுல்லா" என்றாள் அத்தை.